சோலார் நடைபாதை போட்டுத் தருகிறோம் என்று வந்தால், கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் சோலார் டைல்ஸ் பதித்துத் தருவதாக ஒரு நிறுவனம் வந்தது. மேலே நடக்கலாம், கீழே கரண்ட் வரும், பொது விளக்குகளின் பில் பாதியாகும் என்றார்கள். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பில் அப்படியேதான் வருகிறது, அவர்கள்தான் போனை எடுப்பதில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் பேச்சை வைத்தே அடையாளம் தெரியும், அதற்காக இதை எழுதுகிறேன்.

கொட்டேஷனிலேயே தில்லுமுல்லு இருந்தது. ஒரு டைலின் வாட்டை டைல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதைப் பகல் 12 மணி நேரத்தால் பெருக்கி, தினமும் இத்தனை யூனிட் என்று போட்டிருந்தார்கள். சூரியன் இருக்கும் நேரமெல்லாம் முழுத் திறனில் பேனல் ஓடாது. நல்ல வெயில் உள்ள இடத்தில் சரியாகச் சாய்த்து வைத்த பேனலுக்கே சுமார் 4 முதல் 6 மணி நேர முழு வெயிலுக்குச் சமமானதுதான் தேறும். டைலில் அச்சடித்த வாட் என்பதும் ஆய்வுக்கூடக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, டைலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி. மொட்டைமாடிப் பேனலுக்கு அடியில் காற்று ஓடும். தரையில் பதித்ததற்கு அதுவும் கிடையாது, வெந்துபோகும். சிலிக்கான் செல் 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறனை இழக்கும். 65 டிகிரி ஆனால் 16 சதவீதம் போச்சு. படுக்கை வசமாக இருப்பதால் வரும் இழப்பு தனி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அது கொஞ்சம்தான், தள்ளிப் போகப் போக அதிகமாகும்.

நிழலைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. நடைபாதை என்றால் பக்கத்தில் சுவர் இருக்கும், மரம் இருக்கும், மேலே ஆள் நடப்பார். டைல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்க மின்னோட்டம் குறையும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைக் கடத்திவிடத்தான் பைபாஸ் டயோடு. எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தபோது அது இருக்க வேண்டிய இடம் காலி! அதே டைலின் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் மழைத்தண்ணீர் நின்று, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. மழை பெய்த மறுநாளெல்லாம் டைல்களின் கரண்ட்டை விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் 'இன்சுலேஷன் ஃபால்ட்' (எங்கோ மின்கசிவு) என்று காட்டி நின்றுபோனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. அதுவரை "தூசிதான் சார், தண்ணீர் அடிச்சு விடுங்க" என்பதே நிறுவனத்தின் பதில்.

தூசியும் சும்மா இல்லை. வழுக்காமல் இருக்க கண்ணாடியில் வரிவரியாகப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். மண் அதற்குள் இறுகிவிடுகிறது, குழாய்த் தண்ணீருக்கு அசையாது. போதாததற்கு மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஆள் நடக்கும் நடுப்பகுதி மட்டும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போய், இரண்டு ஓரமும் புதிதாகவே இருக்கின்றன.

சரி, 25 வருட வாரண்டி இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது செல்லின் திறனுக்கு மட்டுமாம். மேற்பரப்புக் கீறல், நீர் தேங்குதல், தளம் இறங்குதல் எதுவும் சேராது. தளம் போட்டதே அவர்கள் ஆட்கள்தான் என்பதைச் சொன்னால், அது வேறு ஒப்பந்தக்காரர் என்கிறார்கள்.

வெளிநாட்டில் வெற்றி என்று வீடியோவும் காட்டுவார்கள். நெதர்லாந்தின் க்ரோமனியில் 2014இல் 70 மீட்டர் சைக்கிள் பாதை திறந்தார்கள். முதல் ஆறு மாதத்தில் சுமார் 3,000 யூனிட் வந்தது, உண்மைதான். முதல் குளிர்காலத்திலேயே மேற்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தது வீடியோவில் வராது. பிரான்ஸில் நார்மண்டியில் 2016 டிசம்பரில் திறந்த ஒரு கிலோமீட்டர் சோலார் சாலைக்கு சுமார் 50 லட்சம் யூரோ செலவு. எதிர்பார்த்த மின்சாரம் வரவில்லை, 2018இலேயே ஒரு பகுதி சேதமாகி அகற்றப்பட்டது. பெரிய பொறியாளர் படை வைத்துச் செய்ததற்கே இந்தக் கதி.

யாராவது உங்களிடம் வந்தால், வாட் பேச்சே வேண்டாம். இந்த இடத்து நிழலைக் கணக்கில் எடுத்து வருடத்துக்கு எத்தனை யூனிட், குறைந்தால் எவ்வளவு பணம் திருப்பித் தருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்கள். அப்புறம், அதே நடைபாதைக்கு மேல் கூரை போட்டுச் சாதாரணப் பேனல் வைக்க என்ன ஆகும் என்று வேறு ஓர் இடத்தில் விலை கேளுங்கள். மழைக்கும் ஒதுங்கலாம், கரண்டும் வரும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. உடைந்த டைலை நீங்களாகப் பெயர்க்காதீர்கள். இன்வெர்ட்டரை அணைத்தாலும் டைலில் வெளிச்சம் படும் நேரமெல்லாம் வயரில் மின்னழுத்தம் இருக்கும். தண்ணீர் தேங்கிய டைல் என்றால் முதலில் குழந்தைகள் போகாமல் கயிறு கட்டிவிட்டு, சோலார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.