கரையில் நின்று பாஸ் பிடிக்க எந்த ரீல்? சிக்கனக்காரருக்கு ஓர் ஒப்பீடு

டெக்சஸில் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பும் நம் ஆட்களில் படகு வைத்திருப்பவர்கள் குறைவு. சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காக் குளம், இல்லையென்றால் லூயிஸ்வில், கிரேப்வைன் மாதிரி ஒரு ஏரியின் கரை. கையில் ஒரே ஒரு ராட், அதாவது தூண்டில் கோல். அந்த ஒற்றை ராடில், நூல் சுற்றும் ரீல்களில் எதைப் பூட்டுவது என்பதுதான் இங்கே கேள்வி.

போட்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கை தானாகவே பெயிட்காஸ்டர் பக்கம் நீளும். அதில் வருகிற பெரிய ஆட்கள் கையில் அதுதான் அதிகம் இருக்கும். பார்க்கவும் அது ஒரு தினுசாக, கச்சிதமாக இருக்கும். நான் வாங்கியது ஸ்பின்னிங் ரீல். இன்றும் முதலில் எடுப்பது அதைத்தான். அதனால் இந்தக் கட்டுரை எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரீலுக்கு 70 டாலருக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு.

கடையில் மூன்று வகை தொங்கும். முதலாவது, மூடி போட்டு பட்டன் வைத்த ஸ்பின்காஸ்ட். செப்கோ 33 என்று கேட்டால் இங்கே தாத்தாக்களுக்கும் தெரியும். எண்ணெய்க் கிணறுகளில் வெடிக்கும் குண்டுகளுக்கு நேரக் கருவி செய்துகொண்டிருந்த ஜீரோ அவர் பாம் கம்பெனி என்ற ஓக்லஹோமா நிறுவனம்தான் 1949-இல் ரீல் செய்ய இறங்கியது. அந்தப் பெயரின் சுருக்கம்தான் செப்கோ. ஆறு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், சந்தோஷப்படும். உங்களுக்கு வேண்டாம். நூல் மூடிக்குள் உரசிக்கொண்டே போவதால் தூரம் கிடைக்காது, மலிவானவற்றில் மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கும் சுமார்தான்.

மிச்சம் இருப்பது இரண்டு. ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்கும். பெயிட்காஸ்டர் மேலே உட்காரும். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடப்பதுதான் விஷயம். ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுற்றுவதே இல்லை. அது அப்படியே நிற்க, நூல் மட்டும் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டரில் ஸ்பூலே சுற்றியாக வேண்டும். சுற்ற வைப்பது யார்? பறந்து போகிற லூர், அதாவது செயற்கை இரைதான். வேறு மோட்டார் எதுவும் இல்லை.

லூர் அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஸ்பூலை ஒரே இழுப்பில் கிளப்பிவிடும். 5 கிராம் லூர் என்றால்? 50 டாலர் ரீலின் ஸ்பூல் கனமாக இருக்கும். அதன் மேல் சுற்றியிருக்கும் நூலின் கனம் வேறு. அதைக் கிளப்புவதற்குள்ளேயே லூரின் வேகம் பாதி போய்விடும். அப்புறம் காற்றில் லூர் இன்னும் தளரும், கிளம்பிவிட்ட ஸ்பூலோ நிற்காது. சென்னையில் காற்றாடி விட்டவர்களுக்கு இது புரியும்: காற்றாடி இழுப்பதை நிறுத்திய பிறகும் லொட்டாய் சுற்றிக்கொண்டே இருந்தால் நூல் என்ன கதி ஆகுமோ, அதேதான். இங்கே அதற்கு பேக்லாஷ் என்று பெயர்.

இதைத் தடுக்கத்தான் பிரேக். சில ரீல்களில் காந்தம். சிலவற்றில் ஸ்பூல் சுற்றும்போது வெளியே விலகி விளிம்பில் உரசும் சின்னக் கட்டைகள். 5 கிராம் லூருக்கு பிரேக்கைக் கூட்டினால் லூர் காலுக்குப் பக்கத்திலேயே விழும். குறைத்தால் சிக்கு. கட்டைவிரலால் ஸ்பூலைத் தடவித் தடவிக் கட்டுப்படுத்துவதுதான் வித்தை. பழகியவர்கள் அநாயாசமாகச் செய்கிறார்கள். ஆனால் கட்டைவிரல் எவ்வளவு பழகினாலும் கனமான ஸ்பூல் லேசாகிவிடாது. லேசான ஸ்பூலும் நல்ல பேரிங்கும்தான் விலையை ஏற்றுபவை. ஆக, பெயிட்காஸ்டரில் காசைக் குறைத்தால் முதலில் அடிபடுவது லேசான லூரை வீசும் திறன்.

சரி, லேசான லூர் அவ்வளவு முக்கியமா? படகில் போகிறவருக்கு இல்லாமல் இருக்கலாம். கரையில் நிற்கிறவருக்கு அதுதான் எல்லாமே என்பேன்.

ஊருக்குள் இருக்கும் குளங்களை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க யாராவது ஒருவர் எதையாவது வீசிக்கொண்டே இருப்பார். பளபளவென்று சுழலும் ஸ்பின்னர்பெயிட், சலசலக்கும் கிராங்க்பெயிட் எல்லாவற்றையும் அந்த மீன்கள் பார்த்துச் சலித்திருக்கும். அங்கே கடி வாங்கித் தருவது நெட் ரிக்: காளான் தலை மாதிரி ஒரு குட்டி ஜிக் (எடைத் தலை வைத்த முள்), அதில் கோத்த இரண்டே முக்கால் அங்குல ரப்பர் துண்டு. ஜிக் ஓர் அவுன்ஸில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிராமுக்கும் கீழே. ரப்பரையும் சேர்த்தால் 5 கிராம், 6 கிராம். ஸீ-மேன் (Z-Man) கம்பெனியின் ரப்பர் மிதக்கும் வகை என்பதால் ஜிக் அடியில் உட்கார, வால் மட்டும் மேலே நின்று ஆடிக்கொண்டிருக்கும். வீசிவிட்டு ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். நூல் லேசாக ஒரு பக்கம் நகரும், அதுதான் கடி. பட்ஜெட் பெயிட்காஸ்டரில் இந்த ரிக்கைக் கட்டினால் பத்து கஜம் தாண்டுவதே பெரும்பாடு. 30 டாலர் ஸ்பின்னிங் ரீல் அதைக் குளத்தின் நடுவுக்கே கொண்டுபோய்விடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 5 அங்குல சென்கோ ரப்பர் புழு தனியாகவே கிட்டத்தட்ட 10 கிராம் வரும். அதில் முள்ளை நடுவில் குத்தி வாக்கி ரிக்காக வீசினால் மலிவான பெயிட்காஸ்டரும் ஓரளவு தாங்கும். ஆனால் தண்ணீருக்கு மேல் தாழ்ந்து தொங்கும் மரக்கிளைக்கு அடியில், மீன்பிடி மேடைப் பலகைக்கு அடியில் அதைத் தவளைக்கல் விடுவது போல் தத்தித் தத்திப் போகச் செய்ய வேண்டும் என்றால் கதை வேறு. தண்ணீரைத் தொடும் ஒவ்வொரு தத்தலிலும் லூரின் வேகம் சட்டென்று குறையும். பெயிட்காஸ்டர் ஸ்பூலுக்கு அது தெரியாது. ஸ்பின்னிங்கில் அந்தக் கவலையே கிடையாது.

அப்புறம் காற்று. வடக்கு டெக்சஸில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கிலிருந்து அடிக்கும் காற்று தொப்பியைப் பறிக்கும். அதே மாதங்களில்தான் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, பாஸ் முட்டையிட கரையோரம் வரும். ஆண்டிலேயே கரையில் நிற்பவருக்குப் பெரிய மீன் கிடைக்க அதிக வாய்ப்புள்ள நேரம். எதிர்காற்றில் லேசான லூரை பெயிட்காஸ்டரில் வீசுவது எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கு விழுந்த ஃப்ளோரோகார்பன் நூலில் மடிப்பு விழும். மடிந்த இடத்தில் பலம் குறையும். அதை வெட்டி எறிய வேண்டும். சிக்கனம் பார்த்து வாங்கிய ரீல், நூலாகக் காசைத் தின்னும்.

ஜப்பானில் பி.எஃப்.எஸ் என்று லேசான லூருக்கென்றே பெயிட்காஸ்டர் செய்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், மலிவு விலையிலும் இப்போது வந்துவிட்டன. ஆனால் ஆழம் குறைந்த அந்த ஸ்பூலில் மெல்லிய நூல்தான் கொஞ்சமாகச் சுற்ற முடியும். பெயிட்காஸ்டர் எதற்கு உசத்தியோ அந்த முரட்டு வேலையை அது செய்யாது. செய்வது ஸ்பின்னிங் ரீல் செய்கிற வேலையைத்தான்.

ஸ்பின்னிங்கிலும் தலைவலி உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. நூல் முறுக்கிக்கொள்ளும். மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றினால் மீன் ஓர் அங்குலம் கூட வராது, ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் முறுக்கு மட்டும் ஏறும். வீசிய பின், நூலைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, நூலை ஒருமுறை விரலால் இழுத்துவிட்டு ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். அடுத்த வீச்சுக்கு முன் ஸ்பூலை ஒரு பார்வை பார்ப்பதும் நல்லது. தளர்வாக ஒரு வளையம் விளிம்பில் துருத்திக்கொண்டிருந்தால் அப்போதே உருவிவிட வேண்டும். விட்டால் அடுத்த வீச்சில் பத்து வளையத்தை ஒன்றாக இழுத்துக்கொண்டு ராடின் வளையத்தில் வந்து முட்டும்.

நூல் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெறும் நைலான் நரம்பு சுற்றாதீர்கள். 10 பவுண்டு பிரெய்டு (இழைகளைப் பின்னிய நூல்), பழைய 2 பவுண்டு நரம்பின் தடிமன்தான் இருக்கும். சுருள் நினைவே இல்லாமல் சரசரவென்று போகும். அதன் நுனியில் ஓர் ஆள் நீளத்துக்கு 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் (நுனி நூல்), இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு. வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும் என்பதால் அடியில் பத்துச் சுற்று சாதா நரம்பு சுற்றிக்கொள்ளுங்கள். இப்படிச் சுற்றினால் விலை கூடிய பிரெய்டு குறைவாகப் போதும் என்பது உபரி லாபம்.

மாடல் சொல்லுங்கள் என்பவர்களுக்கு: 30, 35 டாலருக்கு ஷிமானோ சியன்னா. 60, 70-க்கு ஃப்ளூகர் பிரெசிடென்ட், டைவா ரீகல் எல்டி. அளவு 2500, ஃப்ளூகரில் அதற்கு ஈடு 30. என்னிடம் இருப்பது பிரெசிடென்ட். கோடைச் சூட்டிலும் டிராக் திக்காமல் வழுவழுவென்று போகிறது, எனக்கு அது போதும். பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து சுமாரான பேரிங்கைவிட நாலு நல்லது மேல். கடையிலேயே கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் வேறு எடுங்கள். கைப்பிடியை இடப்பக்கம், வலப்பக்கம் எதிலும் மாற்றிப் பூட்டலாம் என்பதால் வீட்டில் மனைவியோ மகளோ அதே ரீலைப் பயன்படுத்தலாம். பெயிட்காஸ்டரில் இந்த வசதி கிடையாது. வாங்கும்போதே இடதா வலதா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

பராமரிப்பு இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஸ்பின்னிங்கில் நூல் திரும்பும் உருளையில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். பெயிட்காஸ்டரில் நூலை இடமும் வலமும் நகர்த்தும் திருகில் மணல் ஏறும், அதைப் பழைய பல் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்.

பெயிட்காஸ்டரே வேண்டாமா என்றால், அப்படியில்லை. கரையோரம் அல்லி இலை படர்ந்த இடத்தில் ரப்பர் தவளையை வீசுகிறீர்கள், 50 பவுண்டு பிரெய்டு போட்டு மீனையும் அதைச் சுற்றிய இரண்டு கிலோ பாசியையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்றால் ஸ்பின்னிங் ரீல் திணறும். தடித்த நூலும் கனத்த லூரும் பெயிட்காஸ்டரின் ராஜ்யம். ஊரில் விராலுக்குத் தவளை வீசிப் பழகிய கைக்கு அந்த வேலை சட்டென்று பிடிபடும். படகில் போய் ஆழத்தில் கிராங்க்பெயிட் இழுப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் படகேறியது அபூர்வம், அதனால் அவர்கள் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

பாசி மண்டிய ஏரிதான் உங்கள் வாடிக்கை என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆபு கார்சியா பிளாக் மேக்ஸ் 50, 60 டாலருக்குக் கிடைக்கும். காந்த பிரேக், ஒரே குமிழைத் திருகினால் போதும். இன்னும் கொஞ்சம் சேர்த்து 100 டாலர் பக்கம் போனால் ஷிமானோ எஸ்எல்எக்ஸ், டைவா ஃபியூகோ என்று ஒரு படி மேலே கிடைக்கும். பழகும் வரை 15 பவுண்டு சாதா நரம்பு சுற்றுங்கள். சிக்கை எடுப்பது சுலபம், வெட்டி எறிந்தாலும் வலிக்காது. லூர் 14 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி முதல் ரீல் ஸ்பின்னிங், இரண்டாவது வாங்கும் ஆசை வரும்போது பெயிட்காஸ்டர்.

ராடு அக்லி ஸ்டிக் போதும், ஏழடி, மீடியம். செலவில் பலர் சேர்க்க மறப்பது லைசென்ஸ். டெக்சஸ் வாசிக்கு நன்னீர் லைசென்ஸ் 30 டாலர், எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். ஜூலையில் ஆசை வந்தால் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் 47 டாலர் லைசென்ஸைப் பாருங்கள். 17 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. ஸ்டேட் பார்க்குக்குள் கரையில் நின்று பிடிப்பவருக்கும் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். அதனால் ரீலை முதலில் ஒரு ஸ்டேட் பார்க்கில் வீசிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் லைசென்ஸ் எடுக்கலாம்.