களியக்காவிளையில் பெட்டி இழுத்த கதை

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் நாகர்கோவில் வடசேரியில்தான் கண் விழிப்பேன். மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அதுதான் வழக்கம். 2021 அக்டோபரில் அந்தத் தூக்கத்தை நடத்துநர் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்து இஞ்சிவிளையிலேயே கலைத்துவிட்டார். "எறங்கிக்கோ சாரே, இனி போகில்லா."

2020 மார்ச்சில் நின்ற கேரளா–தமிழ்நாடு பஸ் இன்னும் ஓடவில்லையாம். கார்களோ ரெண்டு டோஸ் சான்றிதழைக் காட்டிவிட்டுச் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. கொரோனா பஸ்ஸில் மட்டும்தான் டிக்கெட் எடுக்கும் போலிருக்கிறது!

என்னிடம் ரெண்டு பெட்டி. பத்தடி இழுப்பதற்குள் ஒன்றின் சக்கரம் கழன்றது. பைக்கில் சாய்ந்து நின்ற ஒருவர் வந்தார். "அண்ணா, ஒரு நூறு தந்தா போரும், அந்தால கொண்டு விடுதேன்." ஐம்பதுக்குப் பேரம் பேசினேன். பிறகுதான் தெரிந்தது, ஆள் கொத்தனார். கேரளத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் வேலைக்குப் போனவர். அங்கே கூலி கூடுதல் என்பது எங்களூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரடங்கில் போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வந்த காசில் பைக்குக்கு எண்ணெய் ஊற்றி எல்லையில் நிற்கிறார். நூறு ரூபாய், எனக்கு அரை ரியால். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் முன் சீட்டு அக்காவுக்கு அந்தப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. "இங்க டவுன் பஸ்ஸு பொம்பளையளுக்கு ஃப்ரீ. அங்க காசு. நடுவுல உள்ளது காலுக்கு" என்று சிரித்தார். கொரோனா நிவாரணமாக ரேஷன் கார்டுக்குத் தமிழக அரசு ரெண்டு தவணையாகத் தந்த 4,000 ரூபாய்? "அது சீட்டுக்கடனுக்கே பத்தல்ல மக்ளே."

மஸ்கட்–துபாய் பஸ்ஸில் எல்லையில் இறங்கி, முத்திரை குத்திவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறேன். அது ரெண்டு நாடு. இதுவோ 1956 வரை ஒரே ஆட்சிக்குள் கிடந்த மண். பாதி வீட்டில் சம்பந்தம் அந்தப் பக்கம்தான்.

பத்திரம், வங்கி வேலையெல்லாம் சட்டென்று முடிந்தன, அதை விடுங்கள். நவம்பரில் திரும்பும்போதும் அதே நடை, கூடவே ஏத்தங்காய் சிப்ஸ் மூட்டை. கொத்தனாரைத் தேடினேன், காணோம். வேறொருவர் நூற்றைம்பது கேட்டார். டிசம்பர் 1-ஆம் தேதி பஸ் விட்டார்களாம்.