டையோடு லேசரும் ஈறு நோயும்: நான்கு ஆண்டு கழித்து, பழுது பார்த்த கையோடு

கிளினிக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "டையோடு லேசர் விலை இறங்கிடுச்சு, ஈறு கேஸுக்கு வாங்கலாமா?" என்று கேட்டார். 980 நானோமீட்டர், கன்டினியுவஸ், பல்ஸ் என்று விளம்பரத் தாளில் இருப்பதை இங்கே திரும்ப எழுதவில்லை. அந்தத் தாளில் இல்லாத ஃபைபர் (லேசர் ஒளியை வாய்க்குள் கொண்டுபோகும் கண்ணாடி இழை) நுனியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்த மெஷினின் நல்லது கெட்டது எல்லாம் அந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணாடி முனையில்தான் இருக்கிறது.

உருளையாகச் சுற்றி வரும் ஃபைபர் என்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் முந்தைய முனையை வெட்டி எறிந்து, மேலுறையை உரித்து, புது முனை எடுக்க வேண்டும். கிளீவரால் (ஃபைபர் வெட்டும் கருவி) கண்ணாடியில் லேசாக ஒரே ஒரு கீறல் போட்டு, மெல்ல வளைத்தால் பட்டென்று விடும். கத்தரிக்காய் அரிவது போல முன்னும் பின்னும் இழுத்தால் முனை சில்லு சில்லாகப் போகும். சரி பார்க்க, சிவப்பு வழிகாட்டி ஒளியை ஒரு வெள்ளைத் தாளில் அடியுங்கள். விளிம்பு சுத்தமான வட்டமாக விழுந்தால் நல்ல வெட்டு. ஒரு பக்கம் வால் நீண்டு வால்நட்சத்திரம் போல விழுந்தால் மறுபடி வெட்டுங்கள். அந்த முனையோடு பாக்கெட்டுக்குள் (நோயால் ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளம்) போனால் ஒளி பக்கவாட்டில் சிதறி, வேண்டாத இடத்தைச் சுடும்.

அடுத்தது முனையைக் கறுக்க வைப்பது. பாக்கெட்டின் உள்சுவரில் இருக்கும் அழற்சித் திசுவை எடுக்க வேண்டுமானால், ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரிலோ (பல் கடி பார்க்கும் மைத்தாள்) கார்க்கிலோ முனையைத் தொட்டுக் கரி ஏற்ற வேண்டும். அதன் பிறகு வேலை செய்வது ஒளியை விடச் சூடான கரிதான். கிருமியைக் குறைக்க மட்டும் என்றால் கரி ஏற்றாத முனை. பாடத்தில் இந்த இரண்டும் தனித்தனி. வாயில் அப்படி இல்லை. ரத்தம் கசியும் பாக்கெட்டில் சில நொடியிலேயே சுத்தமான முனையிலும் ரத்தம் ஒட்டிக் கருகி, அது தானாகவே சூட்டுக்கோலாகிவிடும். வெளியே எடுத்து, ஈரமான காஸ் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட வேண்டும். உதவியாளர் பக்கத்தில் ஈரத் துணியோடு நிற்காவிட்டால் இது நடக்காத காரியம். நான்கு ஆண்டாக ஒவ்வொரு கேஸிலும் இதே கதைதான், பழகியும் எரிச்சல் குறையவில்லை.

வரிசை மாறக் கூடாது. முதலில் அதிர்வால் காரையை உடைக்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலர், பிறகு கையால் சுரண்டும் கியூரெட், கடைசியில்தான் லேசர். இந்த அலைநீளத்தை ஈர்ப்பவை மெலனினும் ஹீமோகுளோபினும். பல்லின் தாதுவும் காரையும் (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு) அதிகம் ஈர்ப்பதில்லை, அதனால் வேரில் ஒட்டிய காரை இதற்கு அசையாது. ஈறுக்கடியில் கறுத்த காரை மிச்சம் இருந்தால் அது சூடேறிக் கருகும், அவ்வளவுதான். 6 மி.மீ. பாக்கெட் என்றால் ஃபைபரை 5 மி.மீ.க்கு அளந்து வையுங்கள். முனை வேரைப் பார்க்கக் கூடாது, ஈறுத் திசுவின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 1 வாட் அளவில், கையை நிறுத்தாமல் கீழிருந்து மேலாகப் பெருக்கி வாருங்கள். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 நொடி போதும். எலும்பு 47 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்குவதே கஷ்டம், ஒரே இடத்தில் கை நின்றால் அந்த எல்லை வெகு தூரத்தில் இல்லை. நம் ஊர் ஈறுகளில் நிறமி அதிகம், அதனால் மேல்பரப்பிலேயே சூடு பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுக் கையேட்டில் உள்ள வாட் கணக்கை அப்படியே வைக்காமல் குறைத்துத் தொடங்குங்கள்.

இப்போது பழுது. சில வாரமாக என் மெஷினின் வெட்டு மந்தமாக இருந்ததால் வாட்டை ஏற்றி ஏற்றி வைக்க வேண்டியிருந்தது. கோளாறு டையோடில் இல்லை. ஃபைபர் மெஷினில் சொருகும் இடத்தில், இணைப்பியின் முகத்தில் தூசி படிந்து அது எரிந்து கறுத்திருந்தது. திரை காட்டும் வாட் ஒன்று, முனையில் வருவது வேறொன்று. கழற்றும்போதெல்லாம் இணைப்பிக்கு மூடி போடாததால் வந்த வினை. வாட்டை ஏற்றியது இன்னும் மோசம், எரிந்த முகத்தில் சூடு கூடித் துளையும் கெட்டுப்போகும். கேபிளின் நடுவே எங்காவது சிவப்பு ஒளி கசிந்தால் உள்ளே கண்ணாடி முறிந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மாற்றுவது தவிர வழியில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு ஈறு வீங்கி வளர்ந்தவர்களுக்கு இதைப் போல ஒன்று இல்லை. ரத்தமே தெரியாமல் வெட்டலாம், பல இடங்களில் தையல் வேண்டாம். ரத்தம் இளக மாத்திரை எடுப்பவர்களிடம் கத்தியைத் தொடவே தயங்கும் இடத்தில் இது நிம்மதி தருகிறது. மறுநாள் வலி என்று போன் வருவது அரிது.

ஆனால் பாக்கெட் ஆழம்? அமெரிக்கப் பெரியோடான்டாலஜி (ஈறு நோயியல்) அகாடமி 2018இல் வெளியிட்ட ஒருமித்த கருத்தின்படி, வழக்கமான சுத்தத்தோடு லேசரும் சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் பலன் 1 மி.மீ.க்கும் குறைவு. விற்க வருபவர்கள் எலும்பு வளர்ந்த எக்ஸ்ரே காட்டுவார்கள். அவற்றில் பல 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசருடையவை. 2016இல் திசு மீளுருவாக்கத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற சிகிச்சை முறையும் அந்த லேசரில் செய்வதுதான். அது வேறு மெஷின், வேறு பல்ஸ். அந்தப் படத்தைக் காட்டி டையோடை விற்பது நோயாளியை ஏமாற்றுவதில்தான் முடியும், அதில் எனக்குக் கோபம்.

ஆகவே, ஈறு நோய்க்கென்று கேட்டால் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல கிரேசி கியூரெட் செட், மெல்லிய அல்ட்ராசோனிக் டிப்கள், தீட்டுக்கல் வாங்கி, ஒரு பல்லுக்கு இன்னும் பத்து நிமிடம் செலவழியுங்கள். வாங்கித்தான் ஆவேன் என்றால், ஃபைபர் உருளையின் விலையையும் அது எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அதே அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி நோயாளிக்கும் சேர்த்து மூன்று, முனையில் அளக்க ஒரு பவர் மீட்டர், இரண்டையும் பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். செய்த பிறகு ஆறு வாரமாவது அந்தப் பாக்கெட்டில் ஆழம் அளக்கும் புரோப் விடாதீர்கள்.