மண்ணுக்கு வெயில் வைத்தியம்: பினாங்குக் கடைகளில் எந்த பிளாஸ்டிக்கை வாங்குவது?

பாலேக் பூலாவிலோ செபராங் பிறையிலோ விவசாயச் சாமான் கடையில் போய் ‘பாத்திக்கு விரிக்க பிளாஸ்டிக்’ என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது மேலே வெள்ளி நிறமும் அடியில் கறுப்புமாக இருக்கும் சில்வர் பிளாஸ்டிக்தான். களை முளைக்காமல் தடுக்கவும் ஈரம் காக்கவும் அது அருமையான விரிப்பு. ஆனால் வெயிலின் சூட்டை மண்ணுக்குள் இறக்கி வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவையும் வேரழுகல் பூஞ்சாணத்தையும் கொல்ல அது சரிப்படாது. வெள்ளிப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பைப் புரட்டிப் போட்டாலும் பிளாஸ்டிக்தான் சுடுமே தவிர, மண்ணுக்குப் போய்ச் சேரும் சூடு குறைவு.

இந்த வேலைக்குக் கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் வேண்டும். வெயில் அதன் வழியே நேராக மண்ணில் விழும். சூடான மண்ணிலிருந்து ஆவியாகும் ஈரம் பிளாஸ்டிக்கின் அடியில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். மண் வெளிவிடும் வெப்பம் தப்பிப் போகாமல் அந்த நீர்த்துளிகள்தான் மறிக்கின்றன. இஸ்ரேலில் ஜாக்கோவ் கட்டானும் அவருடன் இருந்தவர்களும் 1976இல் இந்த முறையை ஆய்வாக வெளியிட்டார்கள். மண்ணில் அடித்துவந்த மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி விலக்கப்பட்ட பிறகு இதன் மதிப்பு இன்னும் கூடியது.

கடைகளில் கிடைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் இரண்டு வகை. ஒன்று 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மெல்லிய உருளை, பொட்டலம் கட்டுபவர்களும் வாங்குவது. இன்னொன்று மழைக்காப்புக் கூடாரத்துக்குப் போடும் தடித்த விரிப்பு, 150 முதல் 200 மைக்ரான் வரை, வெயிலைத் தாங்கும் மருந்து கலந்தது. மண்மேல் ஒட்டி விரிக்க மெல்லியதுதான் நல்லது. தடிமன் கூடக்கூட வெயில் கொஞ்சம் திரும்பிப் போகிறது, விலையும் ஏறுகிறது. 25 மைக்ரானுக்குப் போனால் சூடு இன்னும் நன்றாக ஏறும், ஆனால் பூனை ஒருமுறை நடந்தால் கிழிந்துவிடும். காற்றும் மழையும் அடிக்கும் நம் ஊருக்கு 50 மைக்ரான்தான் பொருத்தம்.

வாங்கும்போது ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், உருளையைத் தராசில் வையுங்கள். 50 மைக்ரான் பாலித்தீன் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 46 கிராம் இருக்கும். 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்று சொல்லித் தரும் உருளை, நடுவில் இருக்கும் அட்டைக்குழாயைக் கழித்து, 4.6 கிலோ வர வேண்டும். 3 கிலோதான் என்றால் உங்கள் கையில் இருப்பது 33 மைக்ரான். சில கடைகளில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். 200 கேஜ் என்பது 50 மைக்ரான். பால்போல் மங்கலாக இருப்பதை எடுக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த உருளையில் மணி மணியாகத் தட்டுப்படும், அந்த இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும்.

அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாத்தி 1 மீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். மேலே 100, இரண்டு சரிவுக்கும் 50, இருபக்கமும் மண்ணில் புதைக்க 40, ஆக 190 சென்டிமீட்டர். 2 மீட்டர் உருளை சரியாக இருக்கும். 1.2 மீட்டர் பாத்திக்கு அதே உருளையை இழுத்தால் புதைக்கப் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், முதல் காற்றிலேயே ஓரம் கிளம்பிவிடும். 75 சென்டிமீட்டருக்குக் குறைவான பாத்தியிலும் பலன் இல்லை. ஓரங்கள் எப்போதும் ஆறிக்கொண்டே இருப்பதால் நடுவில் சூடு நிற்காது.

விரிப்பதற்கு முன் பழைய வேர், கட்டி, குச்சி எல்லாவற்றையும் எடுத்து மண்ணைப் பொடியாக்கிச் சமன் செய்யுங்கள். பாத்தியின் நடு முதுகு கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும், மழைநீர் தேங்காமல் வழியும். 30 சென்டிமீட்டர் ஆழம் வரை நனையும்படி தண்ணீர் விடுங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த மண்ணில் சூடு கீழே இறங்காது. உறங்கும் பூஞ்சாண வித்துகளும் காய்ந்த நிலையில் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக்கை மண்ணோடு ஒட்டும்படி இழுத்து, நாலு பக்கமும் காலில் மிதித்துப் புதைத்துவிடுங்கள். இடையில் காற்று நின்றால் அங்கே சூடு ஏறாது, களைதான் முளைக்கும். ஓட்டை தெரிந்தால் அன்றே தெளிந்த ஒட்டுநாடா போட்டு அடைக்க வேண்டும்.

இனி காலம். இந்த விரிப்பைப் பற்றிக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் தவறான மாதத்தில் போட்டவர்கள். பினாங்கில் நல்ல வெயில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். பொங்கல் முடிந்ததும் விரித்து, நாலு முதல் ஆறு வாரம் விட்டு, மார்ச் தொடக்கத்தில் எடுத்தால் சித்திரைக்குள் நாற்று ஊன்றிவிடலாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் போடுவது வீண் செலவு. கோலாலம்பூரில் மாலை இடியும் மேகமும் ஆண்டு முழுக்கத் தொந்தரவு. ஜூன், ஜூலை கொஞ்சம் பரவாயில்லை. கேமரன் மலையின் குளிரில் இதை நம்ப வேண்டாம்.

மேகம் மறைக்கும் நாட்களுக்கு ஈடு கட்ட இரண்டாம் விரிப்பு உதவும். மண்மேல் மெல்லியது, அதற்கு மேலே மூங்கில் வளைவு வைத்துத் தடித்த மழைக்காப்பு விரிப்பு, நடுவில் காற்று. சூடு இன்னும் சில டிகிரி ஏறும். மழைக்காப்புக் கூடாரம் ஏற்கெனவே இருந்தால் பக்கங்களை மூடிவிட்டாலே அந்த வேலை முடிந்தது.

ஒரு கம்பி வெப்பமானி அவசியம் வாங்குங்கள். பிற்பகல் 3 மணிவாக்கில் 5 சென்டிமீட்டரிலும் 15 சென்டிமீட்டரிலும் குத்திப் பாருங்கள், பிறகு குத்திய துளையை அடைத்துவிடுங்கள். 5 சென்டிமீட்டரில் 45 டிகிரிக்குக் குறையாமல் நாள்தோறும் வந்தால் வேலை நடக்கிறது. வராத நாட்களைக் கணக்கில் சேர்க்காமல், விரிப்பை அத்தனை நாள் கூடுதலாக விடுங்கள்.

எல்லா நோய்க்கும் இது மருந்தாகாது. வேர்முடிச்சு நூற்புழு மேல்மண்ணில் நன்றாகக் குறையும், ஆனால் ஆழத்தில் தப்பியவை பிறகு மேலே ஏறி வரும். அதனால் ஒரு போகத்துக்கு நிம்மதி, அதற்கு மேல் உறுதி இல்லை. கோரைக்கிழங்கு சாகாது, முளை ஈட்டிபோல் பிளாஸ்டிக்கையே துளைத்துக்கொண்டு வரும். மிளகாயோ கத்தரியோ பச்சையாகவே திடீரென வாடினால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் முங்கும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்நூல் போல வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு விரிப்பின் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது, பயிரை மாற்றுவதும் கூடவே வேண்டும்.

விரிப்பை எடுத்த பிறகு மண்வெட்டியை ஆழமாகப் போட்டால் அடியில் பிழைத்திருக்கும் களைவிதையும் கிருமியும் மேலே வந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். 5 சென்டிமீட்டருக்கு மேல் கிளறாமல் அப்படியே நடுங்கள். சூட்டில் மக்கிய மண் தழைச்சத்தை வெளிவிடும், ஆகவே முதல் உரத்தில் யூரியாவைக் குறைக்கலாம். விரிப்புக்கு அடியில் கோழி எரு போட்டிருந்தால் அமோனியா நாற்றம் போகும்வரை பொறுங்கள், இல்லையென்றால் நாற்றின் வேர் கருகும். மண் ஆறியபின் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்த தொழுவுரம் தூவுவது நல்லது.

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் சட்டியும் பாலிபேக்கும் வைத்திருப்பவர்களுக்கு இதே பிளாஸ்டிக் இன்னும் நன்றாகவே உழைக்கும். பழைய மண்ணையோ தேங்காய் நார்த்தூளையோ நனைத்து, 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் குவித்து, இரண்டு அடுக்காகக் கூடாரம்போல் மூடுங்கள். குவியலின் நடுவில் 70 டிகிரி அரை மணி நேரமோ 60 டிகிரி ஒரு மணி நேரமோ நின்றால் போதும். கலிஃபோர்னியா நாற்றங்கால்களுக்கு வகுத்த அளவு இது.

வெயில் தாங்கும் மருந்து கலக்காத உருளையை ஆறேழு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். சுருட்டி எடுக்கும்போது கையோடு பொடிந்து, துணுக்குகள் பாத்தியிலேயே தங்கிவிடும். முழுசாக இருக்கும்போதே எடுத்து, மண் போகக் கழுவி, மறுசுழற்சிக்குப் போடுங்கள். திறந்த வெளியில் எரிப்பது மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.