ஜெர்மனி சூப்பர்மார்க்கெட்டுகளில் காலி பாட்டில் மெஷின்

ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் டெபாசிட்: வாங்கும்போது கட்டி, காலியானதை மெஷினில் போட்டுத் திரும்பப் பெறும் பணம். 2003-இல் தொடங்கிய திட்டம் இது. 2022-இல் பழச்சாறு பாட்டில்களும் 2024-இல் பால் பாட்டில்களும் சேர்ந்தன.

மெஷின் பழகிவிட்டால் வேகம்தான். பாட்டிலைப் படுக்கவைத்து, அடிப்பக்கம் முதலில் போகும்படி விட வேண்டும். உள்ளே உருளைகள் அதைச் சுழற்றி, பார்கோடையும் டெபாசிட் முத்திரையையும் தேடும். எல்லாம் போட்டு முடித்ததும் பொத்தானை அழுத்தி ரசீதை எடுத்து கேஷ் கவுண்டரில் நீட்டினால் பணம் கைக்கு வரும், அல்லது பில்லில் கழியும்.

தகராறு பெரும்பாலும் லேபிளில்தான். நசுக்கிய கேனில் பார்கோடு மடங்கிவிடும். மெஷின் திருப்பித் தள்ளும். லேசாக நெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலை ஊதி நிமிர்த்தி மூடியைப் போட்டால் பெரும்பாலும் ஏற்கும். வெளிநாட்டில் வாங்கியது அதே பிராண்டாக இருந்தாலும் செல்லாது, முத்திரை இருக்காதே!

கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டில்களை மெஷின் வடிவத்தை வைத்தே அடையாளம் காணும். பீர் பாட்டிலுக்கு வழக்கமாக 8 சென்ட், தண்ணீர், சோடா பாட்டில்களுக்குப் பெரும்பாலும் 15. வைன் பாட்டிலை வரிசையில் நின்று போடாதீர்கள், பொதுவாக அதற்கு டெபாசிட்டே கிடையாது.

எரிச்சல் தருவது உள்தொட்டி நிரம்பி மெஷின் நின்றுபோவது. ஊழியர் வந்து மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 200 சதுர மீட்டருக்குக் குறைந்த கடைகள் தாங்கள் விற்கும் பிராண்டுகளின் காலி பாட்டில்களை மட்டும் திரும்ப வாங்கினால் போதும் என்பதால், மூட்டையாகச் சேர்த்தவர்கள் நேராகப் பெரிய கடைக்கே போகலாம்.