பழைய ஹெட்லைட் ரிஃப்ளெக்டருக்கு முலாம்: எந்தப் பட்டறை சரிப்படும்?

அம்பாசடர், பத்மினி, மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் மங்கிய ரிஃப்ளெக்டருக்கு, அதாவது பல்பு வெளிச்சத்தை முன்னே திருப்பும் கிண்ணத்துக்கு, மறுபடி முலாம் போடும் செலவில் இறங்கவே வேண்டாம். அவற்றில் இருப்பது 7 அங்குல டூம். கண்ணாடியோடு சேர்த்துப் புதிதாகவே வாங்கி மாட்டிவிடலாம். முலாம் வேலை தேவைப்படுவது ஃபோர்டு மாடல் ஏ, லூகாஸ் பி100 விளக்கு பூட்டிய பிரிட்டிஷ் கார்கள் போன்ற பழைய வண்டிகளுக்குத்தான். அவற்றின் ரிஃப்ளெக்டர் தனியாகக் கழற்றக்கூடிய பித்தளைக் கிண்ணம், உள்பக்கம் வெள்ளி முலாம். மாடல் ஏ-யில் மின்சாரம் 6 வோல்ட், பல்பு 21 கேண்டில் பவர் (வெளிச்சத்தின் பழைய அளவு). கொடுக்கிற வெளிச்சமே கொஞ்சம் என்பதால், கிண்ணம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குரோம் பட்டறையில் கேட்டால், "குரோம் அடிச்சிடலாம் சார், கறுக்கவே கறுக்காது" என்பார்கள். கறுக்காது, உண்மைதான். ஆனால் நல்ல வெள்ளி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். குரோம் 65 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பகலில் முகம் பார்க்கலாம், ராத்திரியில் ரோடு தெரியாது. பம்பருக்குச் சரி, ரிஃப்ளெக்டருக்கு வேண்டாம். பைக் டேங்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே குரோமும் அப்படித்தான். அடியில் பெயின்ட், நடுவில் மெல்லிய வெள்ளிப் படலம், மேலே கிளியர் கோட். பல்பு சூட்டில் அந்தக் கிளியர் மஞ்சளாகிவிடும்.

அடுத்தது அலுமினியம் வேக்குவம் மெட்டலைசிங். வெற்றிட அறைக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைப்பது. படலம் சுமார் 0.1 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), திருப்பும் வெளிச்சம் 85 முதல் 90 சதவீதம். அடியில் பூசும் லாக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) சின்னக் குழிகளை நிரப்பிக்கொள்வதால், துரு தின்ற இரும்பு ரிஃப்ளெக்டருக்கு இதுதான் பொருத்தம். ஒரு சிக்கல்: பிளாஸ்டிக் மூடி, பொம்மை, கோப்பை வேலை செய்யும் யூனிட்டுகள் பிளாஸ்டிக் தாங்குகிற சூட்டில் காயும் லாக்கரையே வைத்திருக்கும். 60 வாட் ஹாலஜன் போட்டதும் அது இளகி, வானவில் நிறம் காட்டி, கொப்பளிக்கும். உலோகத்துக்கென்று உலையில் சுடும் லாக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இந்தப் படலத்தைப் பிறகு பாலிஷ் செய்யவும் முடியாது. விரல் ரேகை விழுந்தால் அதைத் துடைக்கப் போய்ப் படலமே வந்துவிடும்.

பித்தளைக் கிண்ணத்துக்கு வெள்ளிதான். அதற்கு இங்கே கைக்கெட்டும் இடம், பூஜைச் சாமான்களுக்கு முலாம் போடும் பட்டறை. கைத்திறமைக்குக் குறைவில்லை. குத்துவிளக்குப் பழக்கத்தை அப்படியே ரிஃப்ளெக்டருக்கும் கொண்டுவருவதுதான் தொல்லை.

முலாம் எதையும் மறைக்காது. பித்தளையில் இருக்கும் கோடு வெள்ளியிலும் தெரியும். ஆகவே பழைய வெள்ளியை எடுத்ததும் பித்தளையே கண்ணாடி மாதிரி ஆகும்வரை பஃபிங் செய்ய வேண்டும், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்ற வேண்டும். நெளிவு இருந்தால் பின்னாலிருந்து மரக்கட்டையால் தட்டி எடுக்கலாம், அரம் தொடக்கூடாது. தகடு மெல்லியது. சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தினால் பரவளைவின் வடிவமே போய்விடும், பல்பு ஓட்டையின் விளிம்பும் தேயும். அப்புறம் ஃபோகஸ் எப்படித் திருகினாலும் நிற்காது.

பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: "கிண்ணத்துக்குள்ளேயே ஆனோடு தொங்கவிடுவீங்களா?" ஆனோடு என்பது தொட்டியில் மின்சாரத்தின் நேர்முனையாகத் தொங்கும் தகடு. மின்சாரம் விளிம்பில்தான் குவியும். ஆனோடு வெளியே மட்டும் இருந்தால் வாய்ப்பக்கம் தடிமனாகவும், பல்பைச் சுற்றிய ஆழத்தில் பேருக்கு மட்டுமாகவும் வெள்ளி ஏறும். முதலில் பித்தளை தெரியப்போவது அங்கேதான். அடுத்த கேள்வி, ஸ்டிரைக் தொட்டி, அதாவது பிடிப்புக்காக முதல் மெல்லிய வெள்ளியை ஏற்றும் தொட்டி, தனியாக உண்டா என்பது. பித்தளையை நேராகப் பெரிய தொட்டியில் இறக்கினால், மின்சாரம் பிடிப்பதற்கு முன்பே வெள்ளி தானாகப் படிந்து, பிடிப்பில்லாமல் நின்று, கடைசிப் பாலிஷில் செதில் செதிலாக உரியும்.

வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்: அடியில் நிக்கல் 5 மைக்ரான், மேலே வெள்ளி 10 மைக்ரான், லாக்கர் கிடையாது. நிக்கல் இல்லாவிட்டால் சூட்டில் பித்தளை மெல்ல வெள்ளிக்குள் ஊறும். கறுக்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் லாக்கர் அடித்துத் தருவார்கள். சூட்டில் அது பழுப்பாகும். விலையில் ஏமாறாமலிருக்க ஒரு கணக்கு: 17 செ.மீ. வாய், 7 செ.மீ. ஆழம் உள்ள கிண்ணத்தின் உள்பரப்பு சுமார் 340 சதுர செ.மீ. பத்து மைக்ரானுக்கு 3.6 கிராம் வெள்ளி போதும். பின்பக்கத்தை மறைக்காமல் தொட்டியில் விட்டால் அதே அளவு யாருக்கும் தெரியாத இடத்தில் வீணாகும். ஆக, பில்லில் பெரும்பகுதி பஃபிங் கூலியாகத்தான் இருக்க வேண்டும். "வெள்ளி விலை ஏறிப்போச்சு" என்று மட்டும் சொன்னால் எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

வாங்கும்போது கிராஃப் தாளை வாய்க்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். வளைவில் கோடுகள் வளைந்துதான் தெரியும். அந்த வளைவு சீராக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது நடுங்கினால் அங்கே பஃபிங் சறுக்கியிருக்கிறது. தகட்டின் இணைப்பு, ரிவெட் ஓரங்களில் பச்சை கசிந்தால் தொட்டித் திரவம் உள்ளேயே தங்கியிருக்கிறது. திருப்பிக் கொடுத்து வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைத்துத் தரச் சொல்லுங்கள். அது சயனைடு தொட்டி, வீட்டில் வைத்துக் கழுவ வேண்டாம்.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். ரப்பரில் அது இருக்கிறது, கம்பளி ஃபெல்ட்டிலும் இருக்கிறது. கண்ணாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கார்க் கேஸ்கெட் போடுங்கள். வீட்டு வெள்ளிக்குப் போடுகிற விபூதியும் பற்பசையும் இங்கே கோடு போட்டுவிடும். மங்கினால் நகைக்கடை ரூஜ் (மிக நைசான மெருகுப் பொடி) கொஞ்சம், சுத்தமான பஞ்சு. பல்பு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள், வட்டமாகச் சுற்றாதீர்கள்.