பிள்ளைகள் கண்ணுக்கு நேரே படம்: பாளையங்கோட்டையில் ஒரு சிறுவர் ஓவியக் கண்காட்சி

பிள்ளைகள் வரைந்த படத்தைப் பெரியவர்கள் பார்க்கத் தோதாக மாட்டுவதே எங்கும் வழக்கம். வரைந்த பிள்ளை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் குடியிருப்புத் தெருவுக்குள் நடக்கும் இந்தச் சின்னச் சிறுவர் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு நேர்க்கண் அதுதான். இதற்காகவே கூட்டிக்கொண்டு போகலாம்.

மாட்டிய விதமும் அருமை. சுவரில் ஒட்டாமல், முரட்டுக் கோரைப்பாயைத் தொங்கவிட்டு அதில் துணி கிளிப்பால் படங்களைப் பிடித்திருக்கிறார்கள். பத்தமடை பக்கத்திலேயே இருக்கும்போது இதைவிடப் பொருத்தமான பலகை ஏது? சுண்ணாம்படித்த சுவரில் இருபக்க டேப் நிற்காது, பொடியோடு பெயர்ந்து வரும். செலோ டேப் நின்றாலும் நாளாக ஆக மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். பாய்க்குப் பின்னால் இடைவெளி இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காத்தாலும் தாளில் எளிதில் ஏறாது. ஆனால் மேலே மட்டும்தான் கிளிப். ஆனி, ஆடிக் காற்றில் தாள் படபடத்து, கிளிப் கடித்த இடத்தில் கிழிகிறது. கீழ் மூலைகளிலும் கிளிப் போட்டு, ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில் அட்டைத் துண்டு ஒன்று செருகினால் போதும்.

பெரிய குறை வெளிச்சம். மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஸ்கெட்ச் பேனாப் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அந்த மை பெரும்பாலும் சாயம். வெயில் பட்டால் ரோஸும் ஊதாவும்தான் முதலில் போகும். நெல்லையப்பர் தேரோட்டப் படம் ஒன்றில் வடம் இழுப்பவர்களின் ரோஸ் சட்டையெல்லாம் வெளுத்து, அடியில் போட்ட பென்சில் கோடு மட்டும் நிற்கிறது. கிரயானில் தீட்டிய தேர்ச்சீலை அப்படியே பளிச்சென்று இருக்கிறது. ஒரு பிள்ளையின் உழைப்பு இப்படி அழிவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. தாளில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு சுமார் 50 லக்ஸ். அது வீட்டு விளக்கைவிட மங்கல். லக்ஸ் மீட்டர் வேண்டாம், ஜன்னலுக்குக் காடாத் துணித் திரை போட்டாலே பாதிச் சேதம் குறையும்.

தொட்டுப் பார்க்க அம்பாசமுத்திரம் மரச்செப்பு வைத்திருக்கிறார்கள். அரக்குப் பூச்சு உள்ளதை மட்டும் வெயில் விழாத இடத்துக்கு நகர்த்தட்டும், சூட்டில் இளகும்.

களிமண் மேசையில்தான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்கிறார்கள். மண் நன்றாகப் பிசைந்து பதமாக இருக்கிறது. ஆனாலும் அலமாரியில் யானைகளுக்குத் தும்பிக்கை இல்லை. ஈர உடம்பில் தும்பிக்கையை வெறுமனே அழுத்தினால், காய்ந்து சுருங்கும்போது விட்டுப்போகும். ஒட்டும் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, அதே மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். பிறகு ஈரத்துணி மூடி நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். மேசையில் நிற்பவர் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

பெயர்ச்சீட்டில் பெயரும் வகுப்பும் உண்டு, எதில் வரைந்தது என்பது இல்லை. அதையும் எழுதலாம்.

படம் கொடுக்க நினைப்பவர்களுக்கு: மெல்லிய சார்ட் பேப்பர் சுருளும், 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்குங்கள். போஸ்டர் கலர் கெட்டியாகப் பூசியதைச் சுருட்டாதீர்கள், வெடித்து உதிரும். இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுபோங்கள். ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று கொடுக்கும்போதே கேளுங்கள்.